முறுக்கைத் தளர்த்தும் மருந்துகள்

ஆல்ஃபா தடுப்பான்கள் மென்தசைகளில் ஏறியிருக்கும் முறுக்கைத் தளர்த்தும் மருந்துகள். மென்தசை என்பது மனிதரின் விருப்பத்தைக் கேளாமல் தானே சுருங்கி விரியும் தசை. ரத்தக் குழாய்களின் சுவர், சிறுநீர்ப்பையின் கழுத்து, புராஸ்டேட் சுரப்பி, கண்பாப்பாவை விரிக்கும் ஐரிஸ் என்று உடலின் பல இடங்களில் அது இருக்கிறது. இந்த இடங்களுக்கெல்லாம் 'இறுகு' என்ற கட்டளையைக் கொண்டுவருவது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள். கட்டளை வந்து சேரும் வாசலில் நின்று அதை உள்ளே விடாமல் மறிப்பதுதான் ஆல்ஃபா தடுப்பானின் வேலை. அது செய்வது இந்த ஒன்றை மட்டும்தான். ஆனால் அந்த ஒன்றே ஒருவருக்குச் சிறுநீர் தடையின்றிப் போக வழிசெய்கிறது, செந்தேள் கொட்டிய குழந்தையைப் பிழைக்க வைக்கிறது, இரவில் கழிப்பறைக்கு எழுந்த முதியவரைத் தலைசுற்றிக் கீழே தள்ளவும் செய்கிறது. நன்மையா தீமையா என்பது யாருக்கு, எப்போது, எந்த வரிசையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

மருந்துக் கடையில் இவற்றைப் பெயரை வைத்தே இனம் காணலாம். பிரசோசின், டெராசோசின், டாக்சசோசின், அல்ஃபூசோசின், டாம்சுலோசின், சிலோடோசின் ஆகிய ஆறும் 'ஓசின்' என்ற ஒரே வாலோடு வருகின்றன. இவற்றுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஃபினாக்ஸிபென்சமினும் ஃபென்டோலமினும் இன்று மருத்துவமனைகளில் சில குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும் பயன்படுகின்றன.

பூனையில் தொடங்கிய கதை

ஆபத்து நேரும்போது உடலைத் தயார்ப்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். நாயைக் கண்டு ஓடும்போது நெஞ்சு படபடப்பதும், கைகால் சில்லிடுவதும், கண்பாப்பா விரிவதும் அதன் வேலை. அதன் நரம்பு நுனிகளிலிருந்து நார்அட்ரினலின் சுரக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இவை எங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன என்பது நெடுங்காலம் புரியாமல் இருந்தது.

முதல் தடயம் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. ஐரோப்பாவில் கம்புபோல விளையும் ரை என்ற தானியத்தின் கதிரில் எர்காட் என்ற பூஞ்சை வளர்வதுண்டு. அந்தத் தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சுருங்கி, கைகால் விரல்கள் கறுத்து அழுகின. இடைக்கால ஐரோப்பா அதைப் புனித அந்தோனியாரின் நெருப்பு என்று அழைத்தது. இந்த எர்காட்டின் சாரத்தை லண்டனில் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளர் பூனைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அட்ரினலின் செலுத்தினால் ரத்த அழுத்தம் ஏற வேண்டும். எர்காட் கொடுத்த பூனையில் அது இறங்கியது. மருந்துச் சரக்கில்தான் கோளாறு என்று டேல் முதலில் எண்ணினார். மறுமுறையும் அப்படியே நடந்தபோதுதான் அட்ரினலினின் ஒரு முகத்தை எர்காட் மறைத்துவிட்டு மற்றொரு முகத்தை மட்டும் விட்டுவைக்கிறது என்பது அவருக்கு விளங்கியது. 1906இல் அதை வெளியிட்டார். முதல் ஆல்ஃபா தடுப்பு அதுவே, அந்தப் பெயர் பிறக்க இன்னும் 42 ஆண்டுகள் இருந்தபோதிலும்.

பெயரிட்டவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலின் ஒட்டிக்கொள்ளும் வாசல்களாக உடலில் இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று 1948இல் அவர் எழுதினார். பெரும்பாலும் சுருங்கச் செய்வது ஆல்ஃபா. இதயத்தை முடுக்கி, சில தசைகளைத் தளரச் செய்வது பீட்டா. அந்தக் கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது, வேறொன்று வெளியிட்டது, வெளிவந்த பின்பும் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்தை 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிக் காட்டிய பிறகே ஆல்குவிஸ்டின் கணக்கு சரியென்று உலகம் ஒப்புக்கொண்டது.

ஆல்ஃபா ஏற்பியிலும் இரண்டு வகை உண்டு என்பது 1970களில் தெரியவந்தது. ஆல்ஃபா-1 தசையின் மேல் இருக்கிறது. அதைத் தொட்டால் தசை சுருங்கும். ஆல்ஃபா-2 பெரும்பாலும் நரம்பு நுனியிலேயே இருந்துகொண்டு, 'சுரந்தது போதும், நிறுத்து' என்று சொல்லும் கண்காணிப்பாளராகச் செயல்படுகிறது. பழைய மருந்துகள் தடுமாறியது இங்கேதான். ஃபினாக்ஸிபென்சமினும் ஃபென்டோலமினும் இரண்டையும் சேர்த்தே அடைத்தன. கண்காணிப்பாளரின் வாயையும் கட்டிவிட்டதால் நார்அட்ரினலின் கட்டின்றிச் சுரந்தது. ரத்தக் குழாயில் அதற்கு வேலையில்லாமல் போக, இதயத்தின் பீட்டா ஏற்பிகளைப் போய் முடுக்கியது. ரத்த அழுத்தம் இறங்கினாலும் நோயாளியின் நெஞ்சு குதிரைபோல் ஓடியது. அன்றாட ரத்தக்கொதிப்பு மாத்திரையாக அவை நிலைக்காததற்கு இதுவே காரணம்.

1970களின் நடுவில் ஃபைசர் நிறுவனம் கொண்டுவந்த பிரசோசின் ஆல்ஃபா-1ஐ மட்டும் அடைத்து, ஆல்ஃபா-2ஐ விட்டுவைத்தது. நரம்பு நுனியின் கட்டுப்பாடு கெடாததால் படபடப்பு வெகுவாகக் குறைந்தது. அதன் வழியில் டெராசோசினும் டாக்சசோசினும் வந்தன. பிரசோசின் உடலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் ஒரு நாளில் பலமுறை விழுங்க வேண்டும். டாக்சசோசின் பாதியாக ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும் என்பதால் நாளுக்கு ஒன்று போதும்.

ரத்தக்கொதிப்பில் ஏற்றமும் இறக்கமும்

இந்த மருந்துகள் முதலில் பெரும் நம்பிக்கையோடு வரவேற்கப்பட்டது ரத்தக்கொதிப்புக்குத்தான். நம்பிக்கைக்கு நல்ல காரணமும் இருந்தது. அன்று புழக்கத்தில் இருந்த சிறுநீர் பெருக்கிகளும் பீட்டா தடுப்பான்களும் கொழுப்பையும் சர்க்கரையையும் சற்றே கூட்டின. ஆல்ஃபா தடுப்பான்கள் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைத்தன, இன்சுலின் வேலை செய்வதைச் சற்று மேம்படுத்தின. காகிதத்தில் கணக்குப் போட்டால் மாரடைப்பைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது.

அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தது ஆல்ஹாட் என்ற ஆய்வு. அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 1994இல் தொடங்கிய இதில் 55 வயதைக் கடந்த 42,000க்கும் மேற்பட்ட ரத்தக்கொதிப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். நான்கு மருந்துகளை ஒப்பிடுவது திட்டம். அவற்றில் ஒன்று டாக்சசோசின். ஒப்பீட்டுக்கு அளவுகோலாக வைக்கப்பட்டது பழைய, மலிவான குளோர்தாலிடோன் என்ற சிறுநீர் பெருக்கி. ஆய்வு முடியும் முன்பே, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டாக்சசோசின் பிரிவு மட்டும் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு மரணத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் டாக்சசோசின் எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தது; பக்கவாதமும் கூடுதலாக இருந்தது.

ரத்தக் குழாய் தளரும்போது, அழுத்தம் குறைந்துவிட்டதென்று எண்ணி உடல் உப்பையும் நீரையும் சேமிக்கத் தொடங்குகிறது. அந்தக் கூடுதல் நீரைச் சுமக்க வேண்டியது இதயம்தான். சிறுநீர் பெருக்கி அந்த நீரை வெளியேற்றுகிறது, ஆல்ஃபா தடுப்பான் வெளியேற்றுவதில்லை. வேறுபாட்டுக்கான விளக்கங்களில் இது முக்கியமானது. இதற்கு ஓர் எச்சரிக்கையும் முன்னரே இருந்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குப் பிரசோசின் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, அது ஆயுளை நீட்டவில்லை என்று 1986இலேயே காட்டியிருந்தது.

ஆல்ஹாட்டின் பாடம் இந்த ஒரு மருந்தைத் தாண்டியது. அழுத்தமானியில் எண் இறங்கினால் போதும், இதயம் தானே காப்பாற்றப்படும் என்ற எண்ணத்தை அது அசைத்தது. அதன் பிறகு ரத்தக்கொதிப்புக்கு முதல் மருந்தாக ஆல்ஃபா தடுப்பானை எந்தப் பெரிய வழிகாட்டு நெறியும் பரிந்துரைப்பதில்லை. மூன்று மருந்து கொடுத்தும் அடங்காத ரத்தக்கொதிப்புக்கு நான்காவதாகச் சேர்க்கும் இடத்தில் அது இன்னும் இருக்கிறது. அந்த இடத்திலும் 2015இல் பிரிட்டனில் வெளியான பாத்வே-2 ஆய்வில் ஸ்பைரோனோலாக்டோன் டாக்சசோசினை முந்திவிட்டது. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அத்தகையவர்களுக்கு மெதுவாகக் கரையும் பிரசோசின் மாத்திரையை எழுதும் வழக்கம் இந்தியாவில் பரவலாக இருக்கிறது.

ஆல்ஃபாவையும் பீட்டாவையும் சேர்த்தே அடைக்கும் கலப்பு மருந்துகளின் கதை வேறு. லேபெட்டலால் கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்கு உலகெங்கும் நம்பப்படும் மருந்து. வலிப்பு நிலைக்குப் போகும் அபாயத்தில் இருக்கும் கர்ப்பிணியின் அழுத்தத்தை விரைவாக இறக்க ஊசியாகவும் போடப்படுகிறது. கார்வெடிலால், பீட்டா தடுப்பின் பலத்தால், இதயச் செயலிழப்பில் ஆயுளைக் கூட்டும் மருந்துகளின் வரிசையில் சேர்ந்திருக்கிறது.

வால்நட் அளவு சுரப்பி

ஆல்ஃபா தடுப்பான்கள் இன்று மிகுதியாக எழுதப்படுவது புராஸ்டேட் வீக்கத்துக்கு. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடிகுழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கும் இந்தச் சுரப்பி, இளமையில் ஒரு வால்நட் அளவு இருக்கும். 50 வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு அது பருக்கத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், 80ஐக் கடந்தவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோருக்கும் திசுவில் அந்த மாற்றம் காணப்படுகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனால் சிறுநீர் கழிக்க நின்றால் தொடங்கத் தாமதம், மெலிந்த தாரை, முடித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, இரவில் நான்கைந்து முறை எழுந்திருத்தல் என்று அன்றாட வாழ்வை அது அரித்துவிடுகிறது. வெளியூர்ப் பேருந்தில் ஏறவே அஞ்சி, திருமணங்களுக்கும் துக்க வீடுகளுக்கும் போகாமல் ஒதுங்கிவிட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். வயதானால் இப்படித்தான் என்று பேசாமல் பொறுத்துக்கொள்வது, தீர்க்கக்கூடிய தொல்லையை வீணாகச் சுமப்பது.

அடைப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பருத்த சுரப்பியின் பருமனே குழாயை நெரிப்பது. மற்றொன்று, சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் இருக்கும் மென்தசை முறுக்கேறி நிற்பது. இரண்டாவதில் ஆல்ஃபா ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு என்பதை 1970களின் நடுவில் ஆய்வகத்தில் காட்டியவர் ஜெருசலேமின் சிறுநீரியல் மருத்துவர் மார்கோ கெய்ன். அறுவையில் அகற்றப்பட்ட புராஸ்டேட் திசுத் துண்டுகள் நார்அட்ரினலின் பட்டதும் சுருங்குவதை அவர் அளந்தார். பிறகு நோயாளிகளுக்கு ஃபினாக்ஸிபென்சமின் கொடுத்து, தாரை சீராவதைக் கண்டார். கத்தி ஒன்றே வழி என்றிருந்த நோய்க்கு மாத்திரை என்ற வழி அங்கே திறந்தது.

ஆல்ஃபா-1லும் உட்பிரிவுகள் உண்டு. ரத்தக் குழாயில் 1பி வகைக்குப் பங்கு அதிகம். புராஸ்டேட்டில் மிகுந்திருப்பது 1ஏ. இந்த வேறுபாட்டைப் பிடித்து, ரத்த அழுத்தத்தை அதிகம் தொடாமல் சிறுநீர் வழியை மட்டும் தளர்த்தும் டாம்சுலோசினை ஜப்பானின் யமனூச்சி நிறுவனம் உருவாக்கி 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1ஏ வகையை இன்னும் துல்லியமாகக் குறிவைக்கும் சிலோடோசினும் ஜப்பானில் பிறந்ததே.

இந்த மருந்துகளின் பலன் விரைவானது. சில நாள்களிலேயே மாற்றம் தெரியும். சில வாரங்களில் முழுப் பலனும் கிடைத்துவிடும். ஏழு கேள்விகள் கொண்ட, 35 மதிப்பெண்ணுக்கான ஓர் அட்டவணையை வைத்து மருத்துவர்கள் தொல்லையை அளக்கிறார்கள். 7 வரை லேசானது; 8 முதல் 19 வரை நடுத்தரம்; 20உம் அதற்கு மேலும் கடுமை. நடுத்தரத்துக்கு மேல் வந்தால் பொதுவாக மாத்திரை தொடங்கப்படும். சிறுநீர் முற்றிலும் அடைத்து, குழாய் போட்டு இறக்கப்பட்டவருக்கும், குழாயை எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே ஆல்ஃபா தடுப்பான் கொடுத்தால் குழாய் இல்லாமல் சிறுநீர் போகும் வாய்ப்பு கூடுகிறது.

ஒன்றை மட்டும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வது குறைவு: இந்த மாத்திரை சுரப்பியைச் சுருக்குவதில்லை. முறுக்கைத் தளர்த்துகிறதே தவிர, வீக்கம் தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்தினால் தொல்லை திரும்பிவிடும். சுரப்பியைச் சுருக்குவது ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு என்ற வேறு வகை மருந்துகள். அவற்றின் பலன் தெரிய ஆறு மாதம்வரை ஆகலாம். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை, 2003இல் வெளியான எம்டாப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு. 3,047 ஆண்களைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில், நோய் முற்றும் அபாயத்தை டாக்சசோசின் மட்டும் 39 சதவீதமும், ஃபினாஸ்டரைடு மட்டும் 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. முழு அடைப்பும் அறுவையும் நெடுங்காலத்தில் குறைந்தது ஃபினாஸ்டரைடு இருந்த பிரிவுகளில்தான். டாக்சசோசின் தனியாக அவற்றைத் தள்ளிப்போட்டதோடு சரி. கூட்டு மருந்து எடுப்பவர் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை செய்யும்போது அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சுருக்கும் மருந்து அந்த எண்ணை ஏறத்தாழ பாதியாக்கிவிடுவதால், புற்றுநோய் இருந்தாலும் எண் சாதாரணமாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

சளிக்கு எழுதும் சில கூட்டு மாத்திரைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மூக்கடைப்பைத் திறக்க அவற்றில் சேர்க்கப்படும் ஃபீனைல்எஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் ஆல்ஃபா ஏற்பியை முடுக்குபவை, அதாவது இந்த மருந்துகளுக்கு நேர் எதிர். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் சளி மாத்திரை போட்ட அன்றிரவே சிறுநீர் அடைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது மருத்துவர்கள் நன்கறிந்த காட்சி.

செந்தேளும் பிரசோசினும்

ஆல்ஃபா தடுப்பான்களின் வரலாற்றில் இந்தியா எழுதிய அத்தியாயம் ஒன்று உண்டு. அது எழுதப்பட்டது எந்தப் பெருநகர ஆய்வகத்திலும் அல்ல, மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், ராய்கட் மாவட்டத்தின் மகாட் வட்டாரத்தில் இருக்கும் கிராமங்களில்.

இந்தியச் செந்தேள் சிறியது. பார்க்க அச்சமூட்டும் பெரிய கருந்தேளைவிடப் பல மடங்கு கொடியது. 1798இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் அதற்கு இட்ட அறிவியல் பெயரில் 'தமுலஸ்' என்ற சொல் இருக்கிறது. தமிழ் நாட்டை நினைவூட்டும் பெயர் அது. அதன் நஞ்சு நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. நரம்பு நுனிகளிலிருந்தும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் நார்அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாகக் கொட்டுகின்றன. முதலில் வாந்தியும் கொட்டும் வியர்வையும். பிறகு கைகால் பனிக்கட்டியாகச் சில்லிடும். ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். அந்த இறுக்கத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் தளரும். நுரையீரலில் நீர் கோத்து, நுரையோடு இருமல் வரும். கொட்டியது தேள் என்றாலும் உயிர் போவது இதயமும் நுரையீரலும் கைவிடுவதால்தான்.

1976இல் அந்த வட்டாரத்தின் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதைக் கட்டிலருகில் உட்கார்ந்து, மணிக்கு மணி குறித்துவைத்தார். அவரது முதல் பதிவுகள் 1982இல் லான்செட் இதழில் வெளியாயின. வெள்ளமாக வந்த நார்அட்ரினலின் ஆல்ஃபா வாசல் வழியாகத்தான் கேடு செய்கிறது என்றால், அந்த வாசலை அடைக்கும் மருந்தே முறிவாக வேண்டும் என்பது அவரது தர்க்கம். ரத்தக்கொதிப்புக்கென்று மருந்துக் கடையில் கிடைத்த பிரசோசின் மாத்திரையை வாய்வழி கொடுத்தார். பலனை 1986இல் மீண்டும் லான்செட்டில் எழுதினார். அதற்கு முன் கடுமையாக நஞ்சேறி வந்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். பிரசோசின் வந்த பிறகு அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

உடல் எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற கணக்கில், கைகால் சூடு திரும்பும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதுதான் அந்த முறை. தீவிர சிகிச்சைப் பிரிவோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. சில ரூபாய் மாத்திரையும் அருகில் ஒரு மருத்துவரும் போதும். மின்வசதிகூட நிச்சயமில்லாத சுகாதார நிலையத்துக்கு ஏற்ற சிகிச்சை இது. புதுச்சேரி ஜிப்மர் உள்படத் தென்னிந்திய மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளிலும் அது நிலைபெற்றது. தேள்நஞ்சு முறிவூசியைப் பிரசோசினோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பவாஸ்கரும் அவரது மனைவியும் மருத்துவருமான பிரமோதினியும் 70 நோயாளிகளிடம் சோதித்து, 2011இல் வெளியிட்டார்கள். இரண்டும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்துக்குள் முழுதாகத் தேறினார்கள். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேர். முறிவூசி ரத்தத்தில் இருக்கும் நஞ்சைப் பிடிக்கிறது, பிரசோசின் ஏற்கெனவே நடந்துவிட்ட இறுக்கத்தை அவிழ்க்கிறது. முறிவூசி கையில் இல்லாத இடத்தில் மாத்திரையைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதும் இதனுள் அடங்கும். 2022இல் பவாஸ்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அட்ரினல் கட்டி: வரிசை தவறினால்

உடலுக்குள்ளேயே இதுபோன்ற வெள்ளத்தை உண்டாக்கும் நோயும் உண்டு. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அரிதாகத் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி, நினைத்த நேரத்தில் நார்அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து போவது இதன் அடையாளம். தீர்வு அறுவைதான். சுவிட்சர்லாந்தில் சேசர் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் 1926இல் முதன்முதலாக அதை வெற்றிகரமாகச் செய்தார்கள். ஆனால் கத்தி கட்டியைத் தொட்டாலே அது தன் சரக்கை அவிழ்த்துவிடும் என்பதால், முன்தயாரிப்பு அறியாத காலத்தில் மேசையிலேயே இறந்தவர் பலர்.

இன்று அறுவைக்கு 7 முதல் 14 நாள் முன்பே ஆல்ஃபா தடுப்பு தொடங்கப்படுகிறது. இங்கே ஃபினாக்ஸிபென்சமினின் பழைய குணமே வரமாகிறது. அது ஏற்பியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுவதால், எத்தனை வெள்ளம் வந்தாலும் அதைப் பெயர்க்க முடியாது. புதிய ஏற்பிகள் உருவானால்தான் உண்டு. டாக்சசோசினும் பயன்படுகிறது. கூடவே உப்பும் நீரும் தாராளமாகக் கொடுத்து, நெடுநாள் இறுகிக் கிடந்து இப்போது விரிந்த ரத்தக் குழாய்களை நிரப்புகிறார்கள். படபடப்பு மிஞ்சினால் பீட்டா தடுப்பான் சேர்க்கலாம், ஆனால் ஆல்ஃபா அடைபட்ட பிறகே. வரிசையை மாற்றிப் பீட்டாவை முதலில் அடைத்தால், குழாய்களை விரிக்கும் ஒரே வழியும் மூடிப்போய், ஆல்ஃபாவின் இறுக்கம் தட்டிக்கேட்க ஆளின்றி ஏறும். அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் விதிகளில், உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது இது.

சிறிய பயன்களும் கலைந்த நம்பிக்கைகளும்

தீவிர சிகிச்சையில் நார்அட்ரினலின் சொட்டு ஏறும்போது ஊசி நழுவி மருந்து தோலடியில் கசிந்தால், அங்குள்ள குழாய்கள் சுருங்கி, தோல் கறுத்து அழுகிவிடும். உடனே அந்த இடத்தைச் சுற்றி ஃபென்டோலமின் ஊசி போட்டால் ரத்த ஓட்டம் திரும்பும். பல் மருத்துவரின் மரப்பு ஊசியைச் சீக்கிரம் தெளியவைக்கவும் அதே மருந்து சில நாடுகளில் பயன்படுகிறது. குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாயும் ரேனாட் நோய்க்கும் சில நேரம் பிரசோசின் கொடுக்கப்படுகிறது.

சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய கல் தானே விழுவதற்கு டாம்சுலோசின் எழுதுவது மிகப் பரவலான வழக்கம். ஆனால் பிரிட்டனில் 1,167 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சஸ்பெண்ட் ஆய்வு, மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை என்றது. சிறிய கற்கள் எப்படியும் தானே விழுந்துவிடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் கற்களில் மட்டும் பலன் இருக்கலாம் என்பதே பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் சுட்டும் நிலை.

போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களை வாட்டும் கொடுங்கனவுகளுக்குப் பிரசோசின் கொடுத்துப் பார்த்தவர் சியாட்டிலின் மனநல மருத்துவர் மர்ரே ராஸ்கிண்ட். மூளைக்குள்ளும் நுழையும் இந்த மருந்து, உறக்கத்தில் பொங்கும் நார்அட்ரினலினை அடக்கும் என்ற அவரது எண்ணத்தைச் சிறிய ஆய்வுகள் ஆதரித்தன. 304 முன்னாள் வீரர்களிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனாலும் தனிப்பட்ட சிலருக்கு அது உறக்கத்தைத் திருப்பித் தருவதாகக் கண்ட மருத்துவர்கள் இன்னும் அதைக் கைவிடவில்லை. டெராசோசின் வகையைச் சேர்ந்த மருந்துகள் பார்க்கின்சன் நோயைத் தள்ளிப்போடுமா என்ற கேள்வியும் இப்போது ஆராயப்படுகிறது. அங்கே எதிர்பார்க்கப்படுவது ஏற்பியை அடைப்பதால் வரும் பலன் அல்ல, நரம்பணுவின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டும் வேறொரு குணம்.

முதல் மாத்திரையும் கண் அறுவையும்

பிரசோசின் புழக்கத்துக்கு வந்த சில காலத்திலேயே, முதல் மாத்திரை விழுங்கிய ஒன்றரை மணி நேரத்துக்குள் சிலர் மயங்கி விழுந்தார்கள். மனிதர் எழுந்து நிற்கும்போது கால்களில் ரத்தம் தேங்காதபடி குழாய்களை இறுக்கிப் பிடிப்பது ஆல்ஃபா-1தான். அதை அடைத்ததும் எழுந்தவுடன் ரத்தம் கீழிறங்கி மூளை வறள்கிறது. அதனால்தான் முதல் அளவு மிகக் குறைவாக, படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்கப்படுகிறது. சில நாள் மாத்திரையை விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கினால் அதே மயக்கம் திரும்பும். அடியிலிருந்து படிப்படியாகத்தான் ஏற வேண்டும். டாம்சுலோசினை உணவுக்கு அரை மணி நேரம் கழித்து, தினமும் ஒரே வேளையில் எடுக்கச் சொல்வதும் வெறும் வயிற்றில் அது வேகமாக ரத்தத்தில் ஏறுவதால்தான். இரவில் எழும் முதியவர் படுக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுக் காலூன்றுவது இடுப்பெலும்பைக் காப்பாற்றும். ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் வகை மாத்திரைகளோடு சேரும்போது அழுத்தம் மேலும் சரியும் என்பதால், கூச்சப்பட்டு அதை மருத்துவரிடம் மறைப்பது ஆபத்து.

மூக்கடைப்பும் சோர்வும் இவற்றின் சாதாரணத் தொல்லைகள். சிலோடோசினிலும், அதைவிடக் குறைவாக டாம்சுலோசினிலும், உறவின்போது விந்து வெளிவராமல் போகலாம். சிலோடோசின் எடுப்பவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இது நேர்கிறது. உடலுக்குத் தீங்கில்லை, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். முன்கூட்டிச் சொல்லாததால் அஞ்சி, மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுபவர்கள் உண்டு. பெண்களுக்குக் கொடுக்கும்போது சிறுநீர்ப்பைக் கழுத்து தளர்ந்து, இருமினால் தும்மினால் சிறுநீர் கசியலாம்.

எவரும் எதிர்பாராத விளைவு கண்ணில் வெளிப்பட்டது. கண்புரை அறுவையின்போது சில ஆண்களின் ஐரிஸ் துணிபோல் துவண்டு அலைவதையும், சொட்டு மருந்தால் விரித்த கண்பாப்பா நடுவிலேயே சுருங்குவதையும் கலிஃபோர்னியாவின் கண் மருத்துவர்கள் டேவிட் சாங்கும் ஜான் கேம்பெலும் கவனித்தார்கள். அந்த ஆண்களில் பெரும்பாலோர் டாம்சுலோசின் எடுப்பவர்கள் என்பதை 2005இல் எழுதினார்கள். கண்பாப்பாவை விரிக்கும் தசையிலும் இருப்பது புராஸ்டேட்டில் இருக்கும் அதே 1ஏ ஏற்பி. மருந்தை அறுவைக்கு முன் நிறுத்தினாலும் துவளல் முழுதாக நீங்குவதில்லை. ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவர்களிடமும் அது காணப்பட்டிருக்கிறது. ஆனால் மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால், கண்ணுக்குள் ஃபீனைல்எஃப்ரின் செலுத்தியோ சிறு கொக்கிகளாலும் வளையத்தாலும் பாப்பாவை விரித்துப் பிடித்தோ பாதுகாப்பாக முடித்துவிடுவார்.

தமிழ்நாட்டில் இந்தத் தகவலுக்குத் தனி எடை உண்டு. மதுரையில் 1976இல் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை முதல் மாவட்ட அரசு மருத்துவமனைகள்வரை இங்கே நடக்கும் கண்புரை அறுவைகள் ஏராளம். புரை முற்றும் வயதும் புராஸ்டேட் பருக்கும் வயதும் ஒன்றே. முகாமுக்கு வரும் பெரியவரிடம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் என்ன மாத்திரை என்று கேட்டால் சட்டென்று சொல்வார். சிறுநீருக்கு எடுக்கும் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குத் தோன்றாது, சொல்லாமல் விட்டுவிடுவார். இப்போது எடுப்பதையும் முன்பு எடுத்து நிறுத்தியதையும் சேர்த்து, மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது அவரது பார்வையைக் காக்கும். புராஸ்டேட்டுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரும், புரை அறுவை நெருங்கும் நிலையில் இருப்பவருக்கு அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு டாம்சுலோசினைத் தொடங்கலாமா என்று ஒருமுறை யோசிக்கலாம்.